துண்டு அண்ணாச்சியும் தூத்தல் வழக்கும்

கோவில்பட்டியில் பஸ் ஏறிப் பழகிய எல்லாரும், வாழ்க்கையில் ஒரு தடவையாவது துண்டு அண்ணாச்சி பிடித்துக் கொடுத்த சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இல்லை என்று சொல்கிறவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், அல்லது நன்றி கெட்டவராக இருக்க வேண்டும்.

வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைந்தால், அது நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே எறிந்துவிட வேண்டும். துண்டு விழுந்த சீட்டு எறிந்தவருக்குச் சொந்தம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனாலும் ஆளுங்கட்சிக்காரர்கூட அடுத்தவர் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார மாட்டார். துண்டு இல்லாதவர்கள் கைக்குட்டை, மஞ்சள் பை, குடை என்று எறிவார்கள். ஒருவர் கைக்குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டி இடம் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

துண்டு அண்ணாச்சி இந்தக் கலையில் எல்லாருக்கும் மேலே. ஏனென்றால் அவர் எந்த ஊருக்கும் போக மாட்டார். பசுவந்தனை பஸ் வந்தாலும் துண்டு, கழுகுமலை பஸ் வந்தாலும் துண்டு. முட்டி மோதி ஏறி இடத்தைப் பிடித்துவிட்டு, கூட்டத்தில் யார் தடுமாறுகிறார் என்று பார்ப்பார். மாசமாக இருக்கிற பெண்ணோ, முட்டுவலிக்காரரோ, உளுந்து மூட்டையோடு திணறுகிறவரோ கண்ணில் பட்டால், “இங்கன வாங்க, உங்களுக்குத்தான் போட்டேன்” என்பார். முன்பின் தெரியாத ஆள் நமக்கு எதற்கு இடம் பிடித்தார் என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் இறங்கிவிடுவார். பல நேரம் துண்டை எடுக்க மறந்துவிடும். துண்டு மட்டும் கழுகுமலை வரை போய்விட்டு அடுத்த டிரிப்பில் கண்டக்டர் தோளில் திரும்பி வரும்.

கல்யாண வீட்டிலும் கை சும்மா இருக்காது. ஒருமுறை பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழும்புவதற்கு முன்பே அவர் தோளில் துண்டைப் போட்டார். அந்த ஆள் ஒரு முன்னாள் கவுன்சிலர். யாரோ பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று நினைத்து, பாதிப் பாயசத்தோடு எழுந்து நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்துப் பார்த்தால் அவர் நாற்காலியில் முட்டுவலிக்காரர் ஒருவர் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். கவுன்சிலருக்குக் கடைசிவரைக்கும் கோபம் வரவில்லை. துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்பதுதான் அண்ணாச்சிக்கு வருத்தம்.

பிழைப்புக்கு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாடியில் அவர் கடையும் என் டியூஷனும் எதிரெதிர் அறைகள். என் பெயர் செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பெயர் அதுதான் என்பதால், தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். ஆகவே எல்லாருக்கும் நான் வெறும் டீச்சர். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பழைய சேலையில் திரை தொங்கிய காலம் அது. பாதி ஹால் டிக்கெட் பிரிண்ட் ஆகிக்கொண்டிருக்கும்போது கீழே ஹாரன் கேட்டால் போதும், அண்ணாச்சி துண்டோடு படியிறங்கிவிடுவார். மீதி ஹால் டிக்கெட்டை நான் போய் உருவிக் கொடுப்பேன்.

ஒரு நாள் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்த தம்பி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனான். இணையத்தில் பெயர்கள் சும்மா கிடக்கின்றன, யார் முதலில் பதிகிறார்களோ அவர்களுக்கு அந்தப் பெயர், வருஷா வருஷம் புதுப்பித்தால் போதும் என்றான். அண்ணாச்சி நாடியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

“அப்படின்னா தம்பி, இதுவும் நம்ம பஸ்ஸுதான?”

“ஆமாங்கண்ணா. ஆனா கொஞ்சம் பெரிய பஸ்ஸுங்க.”

அன்று சாயங்காலம் கேள்வித்தாள் அடிக்கக் கொடுக்கலாம் என்று போனேன். அண்ணாச்சி மும்முரமாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளிலிருந்த துண்டை உருவி மானிட்டர் மேல் போட்டு மூடினார். “ஒண்ணுமில்ல டீச்சர், தூசி” என்றார். மனுஷன் பார்க்கக் கூடாத எதையோ பார்க்கிறார் என்று முடிவு கட்டி, கொஞ்ச நாள் என் டியூஷன் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை.

பிறகு அவராகவே ஊருக்குச் சொன்ன பெயர் தூத்தல் டாட் காம். லேசாகப் போடும் மழையை எங்கள் பக்கத்தில் தூத்தல் என்போம். பெங்களூர் பேக்கரியிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் நிற்கிற நம்மூர்க்காரர்கள் போன் போட்டால், நலம் விசாரிப்பதற்கு முன்பு “மழை உண்டா?” என்றுதான் கேட்பார்கள். மானாவாரிக் காட்டில் ஈரம் கண்டவுடன் விதைத்தாக வேண்டும். லீவு சொல்லி, ரயில் பிடித்து, வந்து சேர்வதற்குள் ஈரம் போய்விட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். அவர்களுக்காகவே அண்ணாச்சி அந்த இணையப் பக்கத்தைத் தொடங்கினார்.

செய்தி சேகரிப்பும் துண்டு போடுகிற இடத்திலேயே நடந்தது. கரிசல் மண் நனைந்தால் செருப்பை விடாது. மழை பெய்த ஊரிலிருந்து வருகிற பஸ்ஸின் படிக்கட்டில் மண் அப்பிக் கிடக்கும். அண்ணாச்சி அதை விரலால் வழித்துப் பார்த்து, கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாடியேறி எழுதுவார். “பசுவந்தனை: படி நிறைய மண். சந்தோஷம். கழுகுமலை: மேகம் வந்தது, மனசு வரவில்லை. கோவில்பட்டி: வேர்வை மட்டும்.” அந்தப் பக்கத்தை மேனேஜரிடம் காட்டி லீவு வாங்கியவர்கள் உண்டு. தமிழ் தெரியாத மேனேஜர்கள்கூட, ஆள் முகத்தைப் பார்த்து மழை பெய்துவிட்டது என்று புரிந்துகொள்வார்களாம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. சேலைத் திரை போய், பிரவுசிங் போய், கடை இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் மனுக்களுமாக ஆகிவிட்டது. தூத்தல் மட்டும் நிற்கவில்லை.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தூத்தல் என்ற பெயரில் பாட்டில் தண்ணீர் விற்கும் கம்பெனி. பெயரை டிரேட் மார்க்காகப் பதிந்திருக்கிறார்கள். இணையத்தில் அதே பெயர் தங்களுக்கு வேண்டும், என்ன விலை என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். அண்ணாச்சி யாரிடமும் கேட்காமல் பதில் போட்டார்: “விக்கதுக்கு இல்லை. உங்களுக்குக் கால் வலிச்சா நேர்ல வந்து சொல்லுங்க.”

பஸ்ஸில் நிற்கிறவரிடம் நாம் சொல்கிற சாதாரண வார்த்தை இது, கால் வலித்தால் தள்ளி உட்கார்ந்து இடம் தருகிறோம் என்று அர்த்தம். சென்னையில் யாரோ இதை இங்கிலீஷில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அடுத்து வந்த நீளமான புகாரில், எதிர்த்தரப்பு எங்கள் கால்களைப் பற்றி அச்சுறுத்தும் தொனியில் எழுதியுள்ளது என்று தனியாக ஒரு பத்தி இருந்தது.

இந்த மாதிரித் தகராறுகளைத் தீர்ப்பதற்கு வெளிநாட்டில் ஒரு பஞ்சாயத்து இருக்கிறதாம். கோர்ட் கிடையாது, கூண்டு கிடையாது, எல்லாம் மின்னஞ்சலில்தான். தோற்றால் பெயர் கம்பெனிக்குப் போய்விடும். அண்ணாச்சி புகாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“டீச்சர், இந்தத் துண்ட எடுத்துட்டாகன்னா நம்மூரு ஆளெல்லாம் மழ எங்கன்னு தெரியாம திருப்பூர்லயே நிப்பான்.”

ரெண்டு பேரும் வக்கீலம்மாவிடம் போனோம். கோவில்பட்டிக் கோர்ட்டில் வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்த வழக்குகளில் பெயர் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு நடத்துகிற அதே கணீர்க் குரலில்தான் கோர்ட்டிலும் பேசுவார். புகாரை முழுக்க வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, அவிய கையில டிரேட் மார்க் இருக்கு.”

“இருக்கட்டும்மா. நான் துண்டு போட்டப்ப அவிய பாட்டிலே பொறக்கலியே.”

“அது நமக்குத் தெம்புதான்.”

“டிரேட் மார்க்குன்னா என்னம்மா?”

“தண்ணி யாவாரத்துல அந்தப் பேர வேற யாரும் வைக்கக் கூடாது. அந்த உரிம.”

“அப்ப அது டிக்கெட்டு. டிக்கெட்டு எடுத்தவரு தாராளமா பஸ்ல வரட்டும். துண்டு கெடக்க சீட்டுல எப்படி உக்காருவாரு?”

“இப்படி எழுதிக் குடுத்தா தோத்துருவோம்” என்றார் வக்கீலம்மா. “துண்டு முன்னால போட்டா மட்டும் போதாது. அவிய மூணு விஷயம் நிரூபிக்கணும். பேரும் மார்க்கும் ஒண்ணு. அது சரி, ஒண்ணுதான். உங்களுக்கு அந்தப் பேருல ஒரு பாத்தியதையும் இல்ல. இது ரெண்டாவது. மூணாவது, நீங்க கெட்ட எண்ணத்துல அதப் பிடிச்சு வச்சிருக்கீக. மூணுல ஒண்ணு விழுந்தாலும் அவிய கேஸு படுத்துரும். மழைக்குத்தான் வச்சிருக்கோம்னு ரெண்டாவதுக்குக் காட்டிருவேன். ஆனா மூணாவதுல ஒரு பள்ளம் இருக்கு, அதுல விழுந்தா ரெண்டாவதையும் நம்ப மாட்டாக.”

பள்ளம் இதுதான். அண்ணாச்சி தூத்தலை மட்டும் பிடிக்கவில்லை. அவர் பெயரில் இன்னும் எத்தனையோ பெயர்கள் பதிவாகியிருப்பதைக் கம்பெனி வக்கீல்கள் தோண்டி எடுத்திருந்தார்கள். எல்லாம் மனிதர் பெயர், கடைப் பெயர். ஊரான் பெயரையெல்லாம் வளைத்துப்போட்டுப் பின்னால் விற்கிற ஆள் இவர், இதே இவருக்குத் தொழில் என்று எழுதியிருந்தார்கள்.

“நெசமா அண்ணாச்சி? இதெல்லாம் யாரு?”

அண்ணாச்சி நெளிந்தார். “வாங்க, காட்டுதேன்” என்று தெருவில் இறங்கினார். நானும் வக்கீலம்மாவும் பின்னால் போனோம்.

முதலில் சலூன். “நாளைக்குப் பெரிய கடையா ஆனா பேரு வேணும்லா, அதான் பிடிச்சு வச்சேன்.” முடிவெட்டிக்கொண்டிருந்த முத்துராஜுக்குக் கத்தரி பாதியில் நின்றது. அடுத்து பஜ்ஜிக் கடை. அப்புறம் எஸ்தர் வீட்டு வாசல். சின்ன வயசில் டாக்டராவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த பெண். “டாக்டர் எஸ்தர்னு போட்டேன். நர்ஸா வந்துட்டா. பரவால்ல, சீட்டு கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.” எதிர்வீட்டில் கல்யாணமாகி வந்த புதுசிலேயே பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துண்டு போட்டுவிட்டாராம். ஆணுக்குத் தாத்தா பெயர், பெண்ணுக்குப் பாட்டி பெயர். ஒன்று வீணாகப் போகும் என்று நினைத்தாராம். ஆணும் பெண்ணுமாக இரட்டையாகப் பிறந்து ரெண்டும் செலவாகிவிட்டது.

“இதுல ஒண்ணாவது வித்திருக்கீகளா?” என்றார் வக்கீலம்மா.

“விக்கதா? அவியளுக்கே இன்னைக்குத்தான தெரியும். தேவப்படும்போது குடுக்கணும்லா.”

தெருக்கோடிக்கு வந்தபோது அண்ணாச்சி தயங்கித் தயங்கி வக்கீலம்மாவைப் பார்த்தார். “உங்களுக்கும் ஒண்ணு போட்டிருக்கேம்மா. நீங்க ஜட்ஜாயிட்டா எதுக்கும் இருக்கட்டும்னு.” வக்கீலம்மா கைப்பையில் எதையோ ரொம்ப நேரம் தேடினார். எதையும் எடுத்த மாதிரி தெரியவில்லை.

எனக்கு என்னவோ போலிருந்தது. தெரு முழுக்கச் சுற்றிவந்தும் என் டியூஷன் வாசலில் அண்ணாச்சி நிற்காமல் போய்விட்டார். அவசரமான வழக்கில் இதையெல்லாம் கேட்பது அழகா என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பிறக்காத பிள்ளைக்குக்கூடத் துண்டு போட்டவர் இருபது அடி தூரத்தில் இருந்த என்னை மறந்துவிட்டாரே என்று உள்ளுக்குள் வலித்தது உண்மை.

வக்கீலம்மா பதில் தயாரித்தார். தெருக்காரர்கள் எல்லாரிடமும் ஆளுக்கு ஒரு வாக்குமூலம் வாங்கினார். பஸ்ஸில் துண்டு போடும் வழக்கத்தை வெளிநாட்டுக்காரர்களுக்கு விளக்கித் தனியாக ஒரு பக்கம் எழுதினார். கால் வலி விஷயத்துக்கும் அதே பக்கத்தில் விளக்கம் கொடுத்தார். கடைசியாக அண்ணாச்சிக்கு ஒரு கட்டளை போட்டார்.

“கேஸு முடியுத வரைக்கும் நீங்க எங்கயும் துண்டு போடக் கூடாது. இணையத்துலயும் சரி, பஸ்லயும் சரி. எவனாவது போட்டோ எடுத்து அனுப்பினான்னா வம்பு.”

அந்த நாட்களில் அண்ணாச்சி வெறும் தோளோடு மாடியில் நிற்பார். கீழே பசுவந்தனை பஸ் உள்ளே வரும். கை தானாகத் தோளுக்குப் போகும், துண்டு இருக்காது, கழுத்தைச் சொறிந்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். படியில் மண் பார்ப்பதற்கு மட்டும் இறங்குவார். “என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லியா?” என்று கண்டக்டர்கள் கேட்டார்கள். ஒருவர் புதுத் துண்டே வாங்கிக் கொடுத்தார். அதைப் பிரிக்காமல் மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். துணைக்கு ஆளில்லாமல் ஏறுகிற கர்ப்பிணிகள் நின்றுகொண்டு போனார்கள்.

தீர்ப்பு ஒரு மத்தியானம் வந்தது. வக்கீலம்மாவே மாடியேறி வந்து வாசித்துத் தமிழில் சொன்னார். டிரேட் மார்க் வருவதற்குப் பல வருஷம் முன்பே இந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது. இல்லாத மார்க்கை அபகரிக்க ஒருவர் எண்ணியிருக்க முடியாது. அந்த ஊரில் அது மழைக்கான சொல், மழைக்காகவே பயன்பட்டு வருகிறது. புகார் தள்ளுபடி.

“துண்டப் பத்தி எதுவும் எழுதியிருக்கானா?” என்றார் அண்ணாச்சி.

“எழுதியிருக்காரு. துண்டு குறித்த விளக்கத்தைக் குழு கவனத்தில் எடுத்துக்கொண்டதுன்னு ஒரு வரி.”

அந்த ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்துகொண்டார். கீழே ஹாரன் கேட்டது. புதுத் துண்டின் கவரைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டே படியிறங்கி ஓடினார். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் வக்கீலம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்துக் கம்பெனி முதலாளி நேரில் வந்து நின்றார். நாற்பது வயசிருக்கும். கழுகுமலைப் பக்கத்து ஆளாம். கோட் சூட் எதிர்பார்த்திருந்தோம், சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

“சண்ட போட வரல அண்ணாச்சி. அந்த வார்த்த எங்கம்மா சொல்லுத வார்த்த. தூத்தல் போடுதுன்னு ஓடிவந்து அண்டாவ வெளிய வைப்பா. அதான் தண்ணிக்கு அந்தப் பேர வச்சேன். வக்கீல் நோட்டீஸெல்லாம் ஆபீஸ்ல பண்ணுனது. பேரத் தேடி வாரவிய உங்க பக்கத்துக்கு வந்துட்டு, பசுவந்தனையில மண்ணுன்னு வாசிச்சுட்டுப் போயிருதாக.”

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எவ்வளவு நேரமா நிக்கீக?”

“வந்ததுல இருந்து நிக்கேன்.”

“கால் வலிக்கா?”

“வலிக்கத்தான் செய்யுது.”

“அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா” என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

அன்றே தூத்தல் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: “தண்ணிப் பாட்டில் தேடி வந்தவர்கள் இந்தப் பக்கம் போகவும். தண்ணி நல்லாத்தான் இருக்கிறது.” முதலாளி தன் கம்பெனிக்குச் சற்று நீளமான வேறு பெயரில் தளம் வைத்துக்கொண்டார். வக்கீலம்மா கேள்விப்பட்டுக் கொதித்துப்போனார். “ஜெயிச்ச கேஸு அண்ணாச்சி! எதுக்கு அவருக்கு ஒரு வரி?”

“மூணு பேரு சீட்டுல நாலு பேரு உக்காருத ஊரும்மா இது. கொஞ்சம் தள்ளி உக்காந்தா கொறஞ்சா போயிருவோம்?”

வக்கீலம்மா போன பிறகு கடையில் நாங்கள் ரெண்டு பேர்தான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, தெருவுல எல்லாருக்கும் போட்டீங்க. எனக்கு மட்டும் போடணும்னு தோணலியா?”

“உங்களுக்குப் போடாமயா? மொத மொதப் போட்டதே உங்களுக்குத்தான டீச்சர். அன்னைக்கு மானிட்டர மூடுனேனே, ஞாபகம் இல்லியா?”

அவர் மானிட்டரை மூடிய அந்த வாரம்தான் நான் எழுதிய முதல் துணுக்கு ஒரு வாரப் பத்திரிகையின் மூலையில் வந்திருந்தது. ஊரில் யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்திருந்தேன்.

“அன்னைக்குத் தெருவுல வச்சுச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா பொஸ்தகம் எங்கன்னு வக்கீலம்மா கேப்பாக. உங்களுக்கு வெக்கமாப் போயிரும். நீங்க எழுதுததெல்லாம் வாசிக்கேன் டீச்சர். என்னைக்காவது பொஸ்தகம் போடுவீங்க. அன்னைக்கு வந்து பாக்கும்போது உங்க பேருல வேற ஆளு உக்காந்திருக்கக் கூடாதுல்லா.”

“அது அம்மன் பேரு. கோயில்காரவிய வந்து கேட்டாகன்னா?”

“அம்மனுக்கு எதுக்கு? அவ இருக்க எடத்துக்கே எல்லாரும் வாராக. நீங்கதான் எடமில்லாம நிக்கீங்க.”

நான் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் நானே நம்பாத ஒரு புத்தகத்துக்காக இந்த மனிதர் வருஷம் தவறாமல் துண்டு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் வீட்டிலேகூட யாரும் அப்படி நம்பியதில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். அண்ணாச்சி துண்டோடு முந்தப் பார்த்தார், இன்றைக்கு வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கால் வலிக்கவே இல்லை.